புதுச்சேரி – உத்தர்பாரா: மார்க் 2 அம்பாசிடரை 1,850 கிமீ ஓட்டத்துக்குத் தயார் பண்றது எப்படி?

#1 பாகூர்_ஏரிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1969 மார்க் 2 அம்பாசிடர். 1489 சிசி பெட்ரோல், சோலெக்ஸ் கார்புரேட்டர், டைனமோ, நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், ஸ்டியரிங்ல கியர். பொங்கல் முடிஞ்ச வாரம் புதுச்சேரியிலிருந்து கிளம்பி மேற்கு வங்கம் உத்தர்பாரா வரைக்கும் போகணும். இந்த வண்டியைச் செஞ்ச ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை அங்கேதான். 2014 மே மாசத்தோட உற்பத்தி நின்னு போச்சு. ஒரு வழி கிட்டத்தட்ட 1,850 கிமீ. திரும்பும்போது கேரியர் லாரியில ஏத்திடுறதா திட்டம்.

உள்ளூர்ல வண்டி நல்லா ஓடுது. கேட்க வேண்டியது நாலு: இன்ஜினை இறக்கிப் பிரிக்கணுமா? ரேடியேட்டருக்கு எலக்ட்ரிக் ஃபேன் போடலாமா? இ20 பெட்ரோலுக்கு என்னென்ன மாத்தணும்? என்ன ஸ்பேர் எடுத்துக்கிட்டுப் போகணும்?

#2 புலியூர்_பட்டறை

இன்ஜினை இறக்க வேண்டாம் தம்பி. புதுசா போரிங் பண்ணி ரிங் போட்ட இன்ஜின்னா முதல் 1,500 கிமீ அடக்கித்தான் ஓட்டணும். அதை நெடுஞ்சாலையில செய்யறது சரியில்ல. ஓடிக்கிட்டிருக்கிற இன்ஜினை முதல்ல அளந்து பாருங்க.

இன்ஜின் சூடா இருக்கும்போது நாலு பிளக்கையும் கழட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு கம்ப்ரஷன் கேஜ் வச்சுப் பாருங்க. சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா கவலை இல்ல. ஒண்ணு மட்டும் குறைஞ்சா அதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க: ஏறினா ரிங், ஏறலைன்னா வால்வு இல்லன்னா ஹெட் கேஸ்கட். ஆயில் பிரஷர் நல்லா சூடேறின பிறகு ஓட்டத்துல 40–50 பிஎஸ்ஐ நிக்கணும், ஐட்லிங்ல 15-க்குக் கீழே இறங்கக் கூடாது. இந்த ரெண்டும் சரின்னா அந்த இன்ஜின் கொல்கத்தா போகும்.

பழைய வண்டி நடுவழியில நின்னா காரணம் பெரும்பாலும் இன்ஜினுக்கு வெளியேதான் இருக்கும். வெந்து போன ரப்பர், துருப்பிடிச்ச எர்த், வெளியேற வழியில்லாத சூடு. காசை அங்கே போடுங்க. முதல் செலவு பிரேக்குக்கு.

மார்க் 2-ல பிரேக் ஒரே சர்க்யூட். ஒரு ஹோஸ் வெடிச்சாலும், ஒரு வீல் சிலிண்டர் கப் கிழிஞ்சாலும் பெடல் தரைக்குப் போயிடும், நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. மிச்சம் ஹேண்ட்பிரேக் மட்டும்தான். அதனால:

ஃப்ளெக்சிபிள் ஹோஸ் மூணும் (முன்னாடி ரெண்டு, பின் ஆக்ஸிலுக்கு ஒண்ணு) பார்க்க நல்லா இருந்தாலும் புதுசு போடுங்க. பழைய ஹோஸ் உள்பக்கம் உப்பிப் போய் ஒருவழி வால்வு மாதிரி ஆயிடும். மிதிச்சா ஆயில் போகும், விட்டா திரும்பி வராது. ஷூ உரசிக்கிட்டே ஓடும், டிரம் காயும், கடைசியில சிலிண்டர் கப்பும் வெந்து போகும். வெளியே பார்த்தா எதுவுமே தெரியாது.

எல்லா வீல் சிலிண்டரையும், மாஸ்டர் சிலிண்டரையும் பிரிங்க. உள்சுவர்ல விரல் நகத்தால தடவும்போது குழி தட்டுப்பட்டா ரப்பர் கிட் போட்டுப் பிரயோஜனம் இல்ல, சிலிண்டரையே மாத்தணும். நம்ம கடலோர வண்டிகள்ல ஃப்ளோருக்குக் கீழே போற இரும்பு பைப், க்ளிப் பிடிச்சிருக்கிற இடத்துலதான் அரிக்கும். க்ளிப்பைக் கழட்டாம அது கண்ணுக்குத் தெரியாது.

பழைய ஆயிலை முழுசா வெளியேத்திட்டு டாட் 3 இல்லன்னா டாட் 4 ஊத்துங்க. சிலிகான் டாட் 5 கூடவே கூடாது, கலந்தா கெட்டுடும். ப்ளீடிங் (பைப்ல மாட்டின காத்தை வெளியேத்தறது) தூரத்து சக்கரத்துல ஆரம்பிக்கணும்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். ஷூ அட்ஜஸ்டரை சக்கரம் பிடிக்கிற வரைக்கும் திருகிட்டு, லேசா உரசிச் சுத்துற அளவுக்குத் தளர்த்துங்க. எட்டு ஷூவும் ஒரே மாதிரி இல்லன்னா வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

வேலை முடிஞ்சதும் 20 கிமீ ஓட்டிட்டு, பிரேக் பிடிக்காம தானா நிக்க விட்டு, நாலு ஹப்பையும் கையால தொட்டுப் பாருங்க. நாலும் ஒரே சூடா இருக்கணும். ஒண்ணு மட்டும் கை வைக்க முடியாம கொதிச்சா அங்கே ஷூ பிடிச்சிருக்கு, இல்லன்னா பேரிங் இறுக்கம். வழி முழுக்க ஒவ்வொரு டீக்கடையிலயும் இதைச் செய்யணும்.

#3 முத்தியால்பேட்டை_ரேடியேட்டர்

சூடு பற்றி. எலக்ட்ரிக் ஃபேன் வாங்குவதற்கு முன், வண்டி எப்போது காய்கிறது என்று பாருங்கள். சிக்னலில் நிற்கும்போது முள் ஏறி, ஓட்டத்தில் இறங்கினால் காற்று போதவில்லை: ஃபேன் பெல்ட் தளர்ச்சி, ரேடியேட்டர் ஃபின்களில் பூச்சியும் மண்ணும், ஃபேன் ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றிய கூடு) இல்லாதது. ஓட்டத்தில், அதுவும் 60-க்கு மேல் முள் ஏறினால் தண்ணீர் ஓடவில்லை: கோர் (ரேடியேட்டரின் குழாய்த் தொகுதி) அடைப்பு, வாட்டர் பம்ப் இம்பெல்லர் அரிப்பு, அமுங்கிப் போகும் பாட்டம் ஹோஸ். இரண்டாவது வகைக்கு எத்தனை ஃபேன் போட்டாலும் பயனில்லை.

கடலூர், புதுச்சேரி வண்டிகளில் இரண்டாவதுதான் அதிகம். காரணம் நம் போர்வெல் தண்ணீர். பல வருடமாக அதை ஊற்றிய ரேடியேட்டரில் டியூப்களுக்குள் உப்பும் சுண்ணாம்பும் படிந்திருக்கும். ஆசிட் ஊற்றிக் கழுவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஈய ஒட்டு விட்டுப்போகும். மேல் டேங்க்கை ஒட்டுப் பிரித்து, டியூப்களுக்குள் தகட்டுக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து மறுபடி ஒட்டுவதுதான் சரியான வேலை. கோர் மோசமென்றால் புதுச் செம்புக் கோர் கட்டலாம்.

ரேடியேட்டரை மட்டும் சுத்தம் செய்து விட்டுவிடாதீர்கள். பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு ட்ரெயின் டேப் இருக்கும். அதைக் கழற்றினால் பாதி வண்டிகளில் தண்ணீரே வராது, உள்ளே அவ்வளவு சேறு. கம்பியால் குத்தி, தெர்மோஸ்டாட் ஹவுசிங் வழியாகத் தண்ணீரை அழுத்தி விட்டு, வெளியே வருவது தெளியும் வரை கழுவுங்கள். நாலாவது சிலிண்டரைச் சுற்றித்தான் சேறு அதிகம் தங்கும்; கேஸ்கட் போவதும் அங்கேதான்.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறியும் பழக்கம் வேண்டாம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் காயவைத்து அதில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு பாருங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரி அருகில் திறக்க வேண்டும். திறந்தால் போடுங்கள், திறக்காவிட்டால் புதுசு. பிறகு கூலண்ட் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் இரண்டு பங்கு. வழியிலும் டிஸ்டில்டு வாட்டர் இரண்டு கேன் டிக்கியில் இருக்கட்டும். பெல்ட்டை நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும்; அதைவிட இறுக்கினால் டைனமோ புஷ்ஷும் பம்ப் பேரிங்கும் போய்விடும்.

இன்னொன்று: இக்னிஷன் டைமிங் பின்தங்கி இருந்தாலும், பெட்ரோல் கலவை மெலிந்திருந்தாலும் வண்டி காயும். ரேடியேட்டர் சுத்தமாக இருந்தும் முள் இறங்காவிட்டால் அங்கே தேடுங்கள்.

#4 மஞ்சக்குப்பம்_ஆட்டோமின்

எலக்ட்ரிக் ஃபேன் வேண்டாம் என்பதற்கு என் பக்கக் கணக்கு இது. லூகாஸ் சி40 டைனமோ நல்ல நிலையில் தருவதே 22 ஆம்பியர். ஐட்லிங்கில் கிட்டத்தட்ட எதுவும் தராது. ஹெட்லைட் இரண்டும் 55 வாட் என்றாலே 9 ஆம்பியர், டெயில், நம்பர் பிளேட், டேஷ் விளக்குகள் 2 முதல் 3, காயில் 3 முதல் 4, வைப்பர் 3. இதற்கு மேல் ஃபேன் 8 ஆம்பியர் கேட்டால் செலவு 25-ஐத் தொட்டு வரவைத் தாண்டிவிடும், குறைவது பேட்டரியிலிருந்துதான் போகும். ட்ராஃபிக்கில் ஃபேன் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் டைனமோ தருவது குறைவு. ஆல்டர்னேட்டர் மாற்றினால் மட்டுமே ஃபேனைப் பற்றி யோசிக்கலாம்.

ஒரு கேள்வி: பேட்டரியில் எந்த டெர்மினல் பாடிக்குப் போகிறது?

#5 பாகூர்_ஏரிக்கரை

ப்ளஸ் தான் பாடிக்குப் போகுது சார். இதுவரைக்கும் மாத்தல.

#6 மஞ்சக்குப்பம்_ஆட்டோமின்

அப்போது கவனமாகப் படியுங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் மொபைல் சார்ஜர் சாக்கெட்டை டேஷ்போர்டில் ஓட்டை போட்டு மாட்டினால், அதன் வெளி உலோகம் பாடியைத் தொட்டு ப்ளஸ் ஆகிவிடும். சார்ஜர் எதிர்பார்ப்பது வெளியே மைனஸ். சார்ஜர் எரியும், போனும் போகலாம். சாக்கெட்டை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, பாடியில் எங்கும் படாமல், நடுப்பின்னுக்கு ப்ளஸ், வெளிக்கூட்டுக்கு மைனஸ் வரும்படி இரண்டு தனி ஒயர் இழுங்கள். லைன் ஒயரில் 5 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். எல்இடி டெயில் பல்புகளும் போலாரிட்டி பார்க்கும். சாதாரணமாக வாங்கி மாட்டினால் எரியாது. வழியில் பேட்டரி மாற்ற நேர்ந்தால், கடைக்காரர் பழக்கத்தில் மைனஸை பாடிக்குக் கொடுத்துவிடுவார். பேட்டரி தட்டின் மேல் சிவப்புப் பெயிண்டில் பெரிதாக "ப்ளஸ் எர்த்" என்று எழுதிவையுங்கள்.

அடுத்தது எர்த் ஸ்ட்ராப். இன்ஜின் ரப்பர் மவுன்டில் உட்கார்ந்திருப்பதால், இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் பின்னல் ஸ்ட்ராப் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அது அறுந்தால் ஸ்டார்ட்டர் கரன்ட் சோக் கேபிள் வழியாகத் திரும்பும்; கேபிள் பழுத்துப் புகையும். சோதனை சுலபம்: மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் போஸ்ட்டிலும் மற்றதை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, காயில் ஒயரைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடியுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ துரு இருக்கிறது. ஸ்ட்ராப்பின் இரு முனையிலும் பெயிண்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் போல்ட் போட்டு, மேலே வாசலின் பூசுங்கள். உப்புக்காற்றில் வாசலின் இல்லாமல் ஒரு மழைக்காலம் கூடத் தாங்காது.

ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே போட்டு பேட்டரியிலிருந்து நேராக லைன் எடுத்தால், அதே பல்பு நன்றாகவே வெளிச்சம் தரும். பழைய சுவிட்ச்சிலும் ஒயரிலும் வோல்ட் விழுவதுதான் மங்கலுக்குக் காரணம். ஆனாலும் இரவில் ஓட்டாதீர்கள்.

#7 கனகசெட்டிக்குளம்_ஓட்டம்

பெட்ரோல் பத்தி நான் சொல்றேன். இ20-ல எத்தனால் 20 சதவீதம். அதால மூணு விளைவு.

ஒண்ணு, பழைய ரப்பரைத் தின்னும். டேங்க்ல இருந்து பம்ப் வரைக்கும், பம்ப்ல இருந்து கார்புரேட்டர் வரைக்கும் இருக்கிற ரப்பர் துண்டுகள் எல்லாத்தையும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 அச்சிட்ட ஹோஸா மாத்துங்க. மெக்கானிக்கல் பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் ஆக்ஸிலரேட்டர் பம்ப் டயஃப்ரம், நீடில் வால்வு, கார்க் கேஸ்கட் எல்லாம் புதுசு. டேங்க்குள்ள பல வருஷமா ஒட்டியிருந்த பிசினையும் எத்தனால் கரைச்சு விடும், அது ஃபில்டரை அடைக்கும். டேங்கை இறக்கிக் கழுவி, பம்ப்புக்கு முன்னாடி ஒரு இன்லைன் ஃபில்டர் போட்டு, கையில ரெண்டு உபரி வச்சுக்குங்க.

ரெண்டு, கலவை மெலியும். எத்தனால்லயே ஆக்சிஜன் இருக்கிறதால பழைய ஜெட்ல லீன் ஆகும். இன்ஜின் காயும், பிக்கப் தட்டும். மெயின் ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடுற சின்னத் துளை) அடுத்த சைஸுக்கு ஏத்துங்க, 120 இருந்தா 125. 60-ல பத்து கிமீ ஓட்டிட்டு, கியரை நியூட்ரல்ல போட்டு இன்ஜினை அணைச்சு, ஓரமா நிறுத்தி பிளக்கைக் கழட்டிப் பாருங்க. வெள்ளைவெளேர்னு இருந்தா இன்னும் மெலிவு. இளம் பழுப்பு வந்தா நிறுத்திக்கலாம். கரி படிஞ்சா ஒரு சைஸ் இறக்கணும். பிளக் கேப் 25 தவ் (ஒரு தவ்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு).

மூணு, வேப்பர் லாக், அதாவது பெட்ரோல் சூட்டுல ஆவியாகி ஓட்டத்தை அடைக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும். இந்த இன்ஜின்ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் கார்புரேட்டரும் ஒரே பக்கம். ஓட்டத்துல காத்து அடிக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. டீ குடிக்க நிறுத்தின பத்து நிமிஷத்துல சூடு மேலே ஏறி, ஃப்ளோட் சேம்பர்ல இருக்கிறது கொதிச்சுப் போயிடும். கார்புரேட்டருக்கு அடியில 8 மிமீ ஹைலம் (சூட்டைக் கடத்தாத பலகை) ஸ்பேசர், மேனிஃபோல்டுக்கு நடுவுல ஒரு அலுமினியத் தகடு, பெட்ரோல் பைப்பை எக்ஸாஸ்ட்ல இருந்து தள்ளி வளைக்கிறது, இந்த மூணும் சேர்ந்தா பெரும்பாலும் சரியாகும். ஸ்பேசர் போட்டா ஸ்டட் நீளம் பத்துமான்னு பாருங்க. நட்டு முழுசா ஏறணும். நிறுத்தினதும் பானெட்டைத் திறந்து வைங்க.

இன்னொரு விஷயம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-லயே நாடு முழுக்க நின்னாச்சு. 1969 ஹெட்டுக்கு வால்வு சீட் இன்சர்ட் போடாம இருந்தா, நெடுநேர வேகத்துல எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்குள்ள மெதுவா இறங்கும். அப்போ டேப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கிற அமைப்பு) இடைவெளி குறையும். இடைவெளி இல்லாம போனா வால்வு மூடாது, எரிஞ்சு போகும். அதனால 65 கிமீ வேகத்துக்கு மேல ஓட்டாதீங்க. நடுவழியில ஒரு தடவை, காலையில இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டேப்பெட்டை அளக்கணும். குளிர்ல 15 தவ்.

கணக்கு ஒன்பது: எட்டாவது வால்வு முழுசா திறந்திருக்கும்போது ஒண்ணாவதை அளக்கணும், ஏழாவது திறந்தா ரெண்டாவது, அஞ்சாவது திறந்தா நாலாவது. கூட்டினா எப்பவும் ஒன்பது வரணும். பிளக்கைக் கழட்டிட்டா ஃபேனைக் கையால சுத்தியே செஞ்சிடலாம்.

#8 வில்லியனூர்_வட்டம்

டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்டை (காயில் கரன்ட்டை விட்டு விட்டு அறுக்கும் தொடுமுனை) எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவது நல்லதில்லையா? பாயிண்ட் தேயும் தொல்லையே இருக்காதே.

#9 புலியூர்_பட்டறை

நல்லதுதான், மறுக்கல. ஆனா அது போனா அங்கேயே முடிஞ்சுது. ஆந்திரா-ஒடிசா எல்லை இச்சாபுரத்துல எந்தக் கடையிலயும் அதை ரிப்பேர் பண்ண முடியாது. பாயிண்ட்டுன்னா ஒரு ஃபீலர் கேஜும் உப்புத்தாளும் இருந்தாப் போதும், 15 தவ் வச்சு ஓட்டிடலாம். எலக்ட்ரானிக் போட்டா, பழைய பாயிண்ட் பேஸ்பிளேட்டை கண்டென்சரோட செட் பண்ணி அப்படியே ஒரு டப்பாவுல போட்டு எடுத்துக்கிட்டுப் போகணும். பாகூர் தம்பி வண்டி பாசிட்டிவ் எர்த்ங்கறதால கிட் வாங்கும்போது அதுக்கேத்ததான்னும் பார்க்கணும்.

என் பயம் கண்டென்சர் மேலதான். இப்போ கடையில கிடைக்கிறது சூட்டுல போயிடுது. புது டப்பாவை நம்பி அப்படியே ஸ்பேரா வச்சுக்காதீங்க. வண்டியில மாட்டி ஒரு மதிய வெயில்ல 100 கிமீ ஓட்டிட்டு, சரியா இருந்தாக் கழட்டி ஸ்பேரா வையுங்க. இன்னொண்ணையும் அதே மாதிரி பரிசோதிச்சு வண்டியில விடுங்க. பாயிண்ட் பிரியும்போது நீலமா பெரிய பொறி பறந்தா கண்டென்சர் செத்துப் போச்சு.

சூட்டுல நின்னா அது பெட்ரோலா, கரன்ட்டான்னு கண்டுபிடிக்க ஒரே வழி போதும். ஏர் ஃபில்டரைக் கழட்டி, கார்புரேட்டர் வாய்க்குள்ள டார்ச் அடிச்சு, ஆக்ஸிலரேட்டர் லிங்கேஜைக் கையால சட்டுனு இழுங்க. பித்தளை மூக்குல இருந்து பெட்ரோல் பீச்சினா கார்புரேட்டர்ல பெட்ரோல் இருக்கு; போய் கண்டென்சர், காயில், ரோட்டரைப் பாருங்க. பீச்சலைன்னா பம்ப் மேலயும் பைப் மேலயும் ஈரத்துணியைப் போட்டுட்டு கால் மணி நேரம் உட்காருங்க. செல்ஃபை அடிச்சு அடிச்சு பேட்டரியைத் தீர்த்துடாதீங்க. இந்த டைனமோ அதைத் திரும்ப ஏத்த ரொம்ப நேரம் எடுத்துக்கும்.

#10 ஓடி_துறைமுகம்

துருவை யாரும் சொல்லவில்லை. கடலூர் முதுநகர், புதுச்சேரிக் கடற்கரை ஓரம் நின்ற வண்டி என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அம்பாசிடர் முன் சஸ்பென்ஷன் டார்ஷன் பார், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கித் தாங்கும் இரும்புத் தண்டு. அந்தப் பாரின் பின்முனை, முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் கிராஸ்மெம்பரில் (குறுக்குச் சட்டம்) பிடித்திருக்கிறது. வண்டியின் முன்பாரம் முழுவதும் அங்கே முறுக்காக நிற்கிறது. கம்பளத்தை எடுத்துவிட்டு, வண்டியைத் தூக்கி, தடித்த ஸ்க்ரூடிரைவரால் அந்த கிராஸ்மெம்பரைக் குத்துங்கள். டிங் என்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டாலோ உள்ளே இறங்கினாலோ, வெல்டிங் முடியும் வரை பயணப் பேச்சே வேண்டாம். அண்டர்கோட் தாரை நம்பாதீர்கள். அதன் அடியில்தான் துரு வளரும். பின் லீஃப் ஸ்பிரிங் ஷாக்கிள் பிடிக்கும் இடத்தையும் ஜாக்கி வைக்கும் இடத்தையும் இதேபோல் குத்திப் பாருங்கள்.

முன் கிங்பின், ட்ரன்னியன் கிரீஸ் நிப்பிள்களில் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை அடிக்க வேண்டும். வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும்போது அடித்தால்தான் மேல் பக்கம் ஏறும். நடுவழியில் விசாகப்பட்டினத்தில் இன்னொரு முறை. கிரீஸ் கன் டிக்கியில் இருக்கட்டும்; இப்போதைய சர்வீஸ் சென்டர்களில் பலவற்றில் அது கிடையாது.

#11 கோரிமேடு_ஆர்சி

காகிதங்கள். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், நம்பரில் "விஏ" எழுத்து வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, விண்டேஜ் ராலி, ஆய்வு, எரிபொருள், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். ஊர் சுற்றும் நெடும்பயணம் அதில் வராது. உங்களுடையது சாதாரண ஆர்சி புதுப்பித்தல் என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சேசிஸ் தகட்டில் உள்ள எண்ணும் ஆர்சியில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போக வேண்டும். மூன்று மாநில எல்லையில் யாராவது ஒருவர் பார்ப்பார். மாசுச் சான்று, இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக் கட்டாயம்.

கொல்கத்தா, ஹவுராவில் 15 வருடம் தாண்டிய வண்டிகளை அகற்றச் சொல்லி பசுமைத் தீர்ப்பாயம் 2022-ல் உத்தரவிட்டது. கிளம்பும் வாரம் நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு, அந்த நகரங்களுக்குள் வண்டியை இறக்காமல் டான்குனி வழியாகவே உத்தர்பாரா போய்விடுங்கள்.

#12 கனகசெட்டிக்குளம்_ஓட்டம்

வழி சுலபம். திண்டிவனம், செங்கல்பட்டு, வண்டலூர். அங்கே அவுட்டர் ரிங் ரோடு பிடிச்சு, சென்னை நகரத்தைத் தொடாம செங்குன்றத்துக்கு அந்தப் பக்கம் தேசிய நெடுஞ்சாலை 16-ல ஏறிடலாம். அதுக்கப்புறம் டான்குனி வரைக்கும் அதே 16 தான். டான்குனியில இருந்து உத்தர்பாரா பக்கம். மலைப்பாதை கிடையாது, அதனாலதான் டிரம் பிரேக் வண்டிக்கு இந்த வழி நல்லது.

ஒரு நாளைக்கு 300 கிமீக்கு மேல போடாதீங்க. நெல்லூர் கொஞ்சம் கூட, 325 வரும். அடுத்து விஜயவாடா 280, ராஜமுந்திரி 160, விசாகப்பட்டினம் 190, பிரம்மபூர் 270, புவனேஸ்வர் 170, பாலேஸ்வர் 205, கடைசி நாள் 240. எல்லாம் தோராயம். ராஜமுந்திரி நாளைச் சின்னதா வச்சது வேணும்னுதான். வேலை ஏதாவது மிச்சம் இருந்தா அன்னிக்குப் பார்த்துக்கலாம். விசாகப்பட்டினத்துல ஒரு நாள் முழுசா நிறுத்தி டேப்பெட், கிரீஸ், பிரேக் ஆயில் மட்டம், வீல் நட்டு எல்லாம் பார்த்துடுங்க.

காலையில ஆறரைக்குக் கிளம்பி மதியம் ரெண்டு மணிக்குள்ள நிறுத்திடணும். ஒடிசா, வங்கத்துல ஜனவரியில விடிகாலை மூடுபனி இருக்கும். அங்கே எட்டு மணிக்குக் கிளம்பினாப் போதும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வங்கக்கடல் புயல் காலம், அதனால பொங்கலுக்குப் பிறகுன்னு வச்சது சரியான முடிவு. புதுச்சேரியில பெட்ரோல் தமிழ்நாட்டைவிட மலிவு, டேங்கை ரொப்பிட்டுக் கிளம்புங்க. அதுக்கப்புறம் 200 கிமீக்கு ஒரு தடவை போட்டுடுங்க. கேஜை நம்பாதீங்க, டேங்க் அடி வரைக்கும் விட்டா கசடு மேலே வரும்.

#13 பாகூர்_ஏரிக்கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எர்த் ஸ்ட்ராப்பை அளந்தேன், 0.8 காட்டுது. கழட்டிச் சுரண்டணும். டயர் 5.90-15 க்ராஸ்பிளை, அதையே வச்சுக்கவா, ரேடியலா? அப்புறம் ஸ்பேர் பட்டியலை யாராவது சொல்லுங்களேன்.

#14 புலியூர்_பட்டறை

0.8-ன்னா ஸ்டார்ட்டருக்கு முழு பலம் கிடைக்கல. சரி பண்ணுங்க, காலையில செல்ஃப் அடிக்கும்போதே வித்தியாசம் தெரியும்.

டயர் எதுவா இருந்தாலும் அஞ்சும் ஒரே வகையா இருக்கணும். ஸ்டெப்னி வேறன்னா பஞ்சர் ஆனதும் ஒரே ஆக்ஸில்ல ரெண்டு வகை வந்துடும், பிரேக் பிடிக்கும்போது இழுக்கும். டயரோட பக்கச்சுவர்ல நாலு இலக்கம் இருக்கும்: முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். ஆறு வருஷம் தாண்டினது, பட்டன் (தரையில படுற வெட்டு) நல்லா இருந்தாலும் வேண்டாம். ட்யூப் ரெண்டு உபரி கட்டாயம். இப்போ வழிநெடுக இருக்கிறது ட்யூப்லெஸ் பஞ்சர் கடை, 15 இஞ்ச் ட்யூப் கேட்டா கையை விரிப்பாங்க.

ஸ்பேர். கரன்ட் பக்கம்: பாயிண்ட், பரிசோதிச்ச கண்டென்சர், ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், காயில், பிளக் நாலு, ஃப்யூஸ், பல்பு, டைனமோ பிரஷ். பெட்ரோல் பக்கம்: முழு பம்ப் ஒண்ணு (டயஃப்ரம் கிட் இல்ல, ரோட்டோரத்துல பம்ப்பைப் பிரிக்கறது வேதனை), ஃபில்டர் ரெண்டு, ஹோஸ் ரெண்டு மீட்டர், க்ளிப். தண்ணீர் பக்கம்: வாட்டர் பம்ப் கேஸ்கட்டோட, பெல்ட் ரெண்டு, டாப் ஹோஸ், பாட்டம் ஹோஸ், ரேடியேட்டர் மூடி. பிரேக்: முன் ஹோஸ் ஒண்ணு, பின் ஹோஸ் ஒண்ணு, முன் பின் வீல் சிலிண்டர் ஒவ்வொண்ணு, ஆயில் ஒரு லிட்டர். முன் வீல் பேரிங் ஒரு செட் கிரீஸ் சீலோட. 20டபிள்யூ50 இன்ஜின் ஆயில் மூணு லிட்டர். அதிகம்னு தோணலாம், ஆனா ஒரு பழைய சூட்கேஸுக்குள்ள அடங்கிடும். சென்னை புதுப்பேட்டையில பெரும்பாலானது கிடைக்கும். அந்த முனையில கொல்கத்தா மல்லிக் பஜார். நடுவுல ஆந்திரா, ஒடிசாவுல தேடறது கஷ்டம், அங்கே கையில இருக்கிறதுதான் கதி.

எல்லா வேலையையும் டிசம்பர் முதல் வாரத்துக்குள்ள முடிச்சிடுங்க. பிறகு செஞ்சி, திருவண்ணாமலை, விழுப்புரம், பண்ருட்டி, கடலூர்னு சுத்தி 500 கிமீயாவது ஓட்டுங்க. புதுசா மாட்டினது எதுவா இருந்தாலும், தப்பா மாட்டியிருந்தா அந்த 500-க்குள்ள தெரிஞ்சிடும்.

#15 வில்லியனூர்_வட்டம்

பிரீமியர் பத்மினிக்கும் இதே முறைதானா?

#16 ஓடி_துறைமுகம்

பிரேக், எர்த், பெட்ரோல் குழாய், ரேடியேட்டர் எல்லாம் அப்படியே பொருந்தும். டேப்பெட், பாயிண்ட் அளவுகள் வேறு. 1089 சிசி ஃபியட் இன்ஜினுக்கு அதன் புத்தகத்தைப் பார்த்து வையுங்கள், இங்கே சொன்ன 15 தவ்வை எடுத்துக்கொள்ளாதீர்கள். முன் சஸ்பென்ஷனில் டார்ஷன் பார் கிடையாது, விஷ்போனும் காயில் ஸ்பிரிங்கும். அங்கே புஷ்களைப் பாருங்கள். மும்பை டாக்சியிலிருந்து பத்மினி 2023 அக்டோபரில் முழுவதும் விடைபெற்றாலும், பழைய உதிரிப் பாகம் தேடுபவர்கள் இன்னும் மும்பையைத்தான் நாட வேண்டும்.

#17 பாகூர்_ஏரிக்கரை

கடைசியா ரெண்டு. ஸ்டியரிங் கியர் சில சமயம் ஃபர்ஸ்ட்டுக்கும் ரிவர்ஸுக்கும் நடுவுல மாட்டிக்குது. வண்டி நின்னே போச்சுன்னா கட்டி இழுக்கலாமா?

#18 புலியூர்_பட்டறை

கியர்: பானெட்டைத் திறந்தா ஸ்டியரிங் தண்டோட கீழ் முனையில ரெண்டு லீவர் மேலயும் கீழயும் இருக்கும். புஷ் தேய்ஞ்சு போனா ரெண்டும் ஒரே நேரத்துல நகர்ந்து பூட்டிக்கும். இன்ஜினை அணைச்சுட்டு, ரெண்டையும் கையால தள்ளி ஒரே நேர்க்கோட்டுக்குக் கொண்டு வந்தா நியூட்ரல் வந்துடும். அது அவசரத்துக்குத்தான். நிரந்தரத் தீர்வு புஷ்ஷும் ராட் முனைகளும் மாத்தறது, கிளம்பறதுக்கு முன்னாடியே செஞ்சிடுங்க.

கட்டி இழுக்கறது: முடிஞ்ச வரைக்கும் தட்டு வண்டியில ஏத்துங்க. பின் சக்கரம் தரையில உருள இழுத்தா, இன்ஜின் ஓடாததால கியர்பாக்ஸ் உள்ளே ஆயில் சரியா தெறிக்காது. நாலஞ்சு கிமீ பரவாயில்ல. அதுக்கு மேலன்னா ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டை டிஃபரென்ஷியல் பக்கம் நாலு போல்ட்டைக் கழட்டி, ஓரமா கம்பி போட்டுக் கட்டிட்டு இழுங்க. திரும்ப மாட்டும்போது அதே துளையில வர்ற மாதிரி கழட்டறதுக்கு முன்னாடி சாக்பீஸ்ல கோடு போட்டுக்குங்க, இல்லன்னா அதிரும்.

திரும்பற கேரியர் லாரிக்கும் சேர்த்துச் சொல்லிடறேன். கயிறு சக்கரத்துல போடச் சொல்லுங்க. பம்பர்லயோ முன் ஆர்ம்லயோ வேண்டாம். டேங்க்ல கால் பங்குக்கு மேல பெட்ரோல் வேண்டாம், பேட்டரியைக் கழட்டிடுங்க, ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்து விடுங்க. இறக்கும்போது, சாய்வுப் பலகையில நகர்த்தறதுக்கு முன்னாடி பிரேக் பெடலை மிதிச்சுப் பாருங்க. பல நாள் குலுங்கி வந்த வண்டியில ஏதாவது ஒரு யூனியன் கசிஞ்சிருந்தா பெடல் அங்கேயே சொல்லிடும்.